பாலில் வந்ததா, இரத்தத்தில் வந்ததா

பிறந்த எலிக்குட்டியின் எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். உடம்பில் ரோமம் கிடையாது, கண் திறந்திருக்காது. குட்டி பால் குடித்துவிட்டதா என்று பார்க்க அதைத் தொடக்கூட வேண்டாம். அவ்வளவு மெல்லிய தோல். குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். 1930களின் நடுவில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில், ஜான் பிட்னர் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட குட்டிகளைப் பெற்ற தாயிடமிருந்து பிரித்து வேறொரு தாயின் கூட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார். பெற்றவள் மார்பகக் கட்டிக்குப் பேர்போன வம்சம். வளர்க்கப்போகிறவள் அந்த நோய் அரிதாகவே வரும் வம்சம். குட்டிகள் வளர்ந்து பெரிதாகிக் கட்டி வரவேண்டிய வயதை எட்டியபோது, பெரும்பாலானவற்றுக்கு அது வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆய்வகத்தார் ஒரு முரணைக் கண்டிருந்தார்கள். கட்டி வரும் வம்சத்துத் தாய்க்கும் வராத வம்சத்துத் தந்தைக்கும் பிறந்த மகள்களுக்கு நோய் வந்தது. தாயையும் தந்தையையும் மாற்றிப் போட்டால் அவ்வளவாக வரவில்லை. இரண்டு வகையிலும் மகள்களுக்குக் கிடைத்த குரோமோசோம்கள் ஒன்றேதான். ஆகவே தாய்வழியாக, ஆனால் குரோமோசோம்களுக்கு வெளியே, ஏதோ ஒன்று கடந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார்கள். அது பால் என்று பிட்னர் 1936இல் காட்டினார். பாலில் இருந்தது ஒரு வைரஸ் என்பது பிற்பாடு உறுதியானது.

இத்தோடு கதை முடிந்திருந்தால், பரம்பரை நோய் என்று நினைத்தோம், தொற்று என்று தெரிந்தது என எழுதிவிட்டுப் போகலாம். முடியவில்லை. அந்த வைரஸுக்கு எலியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே நுழைந்து குடியேறிவிடும் பழக்கம் உண்டு. சில வம்சங்களில் அப்படிக் குடியேறி, கருமுட்டை வழியாகவும் விந்து வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகிறது. அங்கே வளர்ப்புத்தாயை மாற்றியும் பயனில்லை. பாலில் வந்தது இரத்தத்தில் வரத் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, பாலில் வரும் வைரஸைக் கட்டியாக்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் எலியின் சொந்த மரபணுக்களுக்கும் ஹார்மோன்களுக்கும் பங்கு இருக்கிறது.

சோதனைச்சாலை எலிகளில் நோய்களின் மரபணு வரைபடம் தயாரிக்கும் துறையின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த நிகழ்ச்சியிடமே நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய், ஆஸ்துமா என்று ஒற்றை மரபணுவுக்குள் அடங்காத நோய்கள் உடலின் எந்தெந்த மரபணு இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று தேடுவது அந்தத் துறையின் வேலை. பழி யார்மேல் என்று கேட்டுத் தொடங்கிய வேலை. கேள்வி நேர்மையாகக் கேட்கப்பட்ட இடங்களிலெல்லாம் குற்றவாளி பலவாகப் பிரிந்துபோனான்.

பிட்னர் வேலைபார்த்த ஆய்வகம் 1929இல் தொடங்கப்பட்டது. ஜாக்சன் ஆய்வகம் என்று இன்று உலகெங்கும் எலி விற்கும் அதே நிறுவனம். நிறுவியவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். புற்றுநோய் பரம்பரையில் வருவது என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. அதை நிரூபிக்க வேண்டுமானால் பரம்பரை என்பது அலைபாயாத ஒரு விலங்கு வேண்டும். ஹார்வர்டில் மாணவராக இருந்த 1909இலேயே அண்ணன் தங்கை எலிகளை இணைசேர்த்து, அவற்றின் பிள்ளைகளில் மீண்டும் அண்ணன் தங்கையை இணைசேர்த்து, அப்படியே தொடர்ந்துகொண்டு போகத் தொடங்கினார். 20 தலைமுறை இப்படிப் போனால் அந்த வம்சத்தின் எந்த எலியை எடுத்தாலும் அதன் இரண்டு குரோமோசோம் பிரதிகளும் ஒன்றேபோல் இருக்கும். எந்த இரண்டு எலிகளும் இரட்டைப் பிறவிகளைப்போல் இருக்கும். நம் ஊரில் தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இந்த எலிகளில் அது 98 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. வழியில் எத்தனையோ வம்சங்கள் மலடாகி, நோஞ்சானாகி அழிந்தன. தாக்குப்பிடித்தவைதான் இன்று பெயரோடு இருக்கின்றன.

அவற்றில் மிகப் புகழ்பெற்றது கறுப்பு நிற சி57. அந்த 57, ஒரு பெண் எலியின் எண். அதை வளர்த்தவர் ஆபி லேத்ராப். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற சிற்றூரில் இருந்த முன்னாள் பள்ளி ஆசிரியை. அழகுக்காக எலி வளர்ப்பவர்களுக்கு விற்பதற்காகத்தான் வளர்க்கத் தொடங்கினார். பிறகு ஆய்வகங்கள் மொத்தமாக வாங்க ஆரம்பித்தன. சில எலிகளின் தோலில் புண்போல ஏதோ வருவதைக் கண்டு, சும்மா விடாமல் ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பினார். நோயியல் அறிஞர் லியோ லோப் அது புற்றுநோய் என்று சொன்னார். அதன்பின் இருவரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் வெளியிட்டார்கள்: எந்தக் குடும்பத்தில் கட்டி அதிகம், கர்ப்பம் தரித்தால் என்ன ஆகிறது, சூலகத்தை நீக்கினால் என்ன ஆகிறது. சூலகத்தை நீக்கினால் கட்டி குறைந்தது. பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லாத ஒரு பெண், வம்சத்தையும் ஹார்மோனையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். லிட்டிலிடம் இல்லாத விசாலம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. 1918இல் லேத்ராப் இறந்துபோனார். சி57 வம்சத்தை லிட்டில் தொடங்கியது 1921இல்.

வரைபடம் தயாரிக்கும் முறையைச் சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். நோய் வரும் தூய வம்சத்தையும் வராத தூய வம்சத்தையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் ஒரே மாதிரி. அவற்றையே ஒன்றோடொன்று இணைசேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் எல்லாம் கலைந்துவிடும்: ஒவ்வொரு எலியிலும் 19 ஜோடி சாதாரணக் குரோமோசோம்களிலும் எந்தத் துண்டு எந்தப் பாட்டனிடமிருந்து என்பது வெவ்வேறாக இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான எலிகளை வளர்த்து, வால் நுனியில் ஒரு துணுக்கு வெட்டி டி.என்.ஏ. எடுத்து, குரோமோசோம் நெடுகிலும் உள்ள அடையாளக் குறிகளைப் பார்க்கிறார்கள். எந்த எலிக்கு நோய் வந்தது, எதற்கு வரவில்லை என்று எழுதிவைக்கிறார்கள். பிறகு கணக்கு. எரிக் லாண்டரும் டேவிட் பாட்ஸ்டீனும் 1989இல் அதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். லாட் என்ற மதிப்பெண் 3 என்றால், அந்த இடத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வைத்துக்கொண்டால் இந்த விவரம் கிடைப்பதற்குள்ள வாய்ப்பு, தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்கு. மதிப்பெண் எங்கே உயர்கிறதோ அங்கே நோய்க்கான ஏதோ ஒன்று இருக்கிறது.

ஏதோ ஒன்று, அவ்வளவுதான். கடிதத்தில் தெருப் பெயர் மட்டும் இருந்து கதவிலக்கம் இல்லாத நிலை அது. மதிப்பெண் உயரும் ஒரு மேட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். அதைக் குறுக்க இன்னொரு வேலை: எதிர்ப்பு வம்சத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் நோய் வம்சத்துக்குள் கொண்டுவருவது. பத்துத் தலைமுறைபோல மீண்டும் மீண்டும் நோய் வம்சத்தோடேயே இணைசேர்த்துக்கொண்டு, அந்தத் துண்டு மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முனைவர் பட்ட மாணவரின் இளமை இதிலேயே போய்விடும்.

ஜப்பானின் என்.ஓ.டி. எலியை எடுத்துக்கொள்வோம். ஷியோனோகி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் மாகினோவும் சகாக்களும் முதலில் தேடியது கண்புரை வரும் எலி. அந்த வளர்ப்பில் இரத்தச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்த கிளை, இயல்பாக இருந்த கிளை என்று இரண்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். நாட்பட நாட்பட, இயல்பான கிளையில்தான் ஒரு பெண் எலிக்குத் திடீரென்று இன்சுலின் அற்றுப்போகும் சர்க்கரை நோய் வந்தது. சர்க்கரை கூடுதலாக இருந்த கிளைக்கு அந்த நோய் வரவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு வம்சத்தைப் பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1980இல் வெளியான அந்த எலி, குழந்தைகளுக்கு வரும் முதல்வகைச் சர்க்கரை நோயை ஆராய்வதற்கு உலகம் முழுக்கப் பரவியது.

வாரம் ஒருமுறை அதைச் சோதிப்பதைப் பார்க்கவேண்டும். வாலடியைப் பிடித்து எலியைத் தூக்கினால் பயத்தில் ஒரு சொட்டுச் சிறுநீர் விடும். அதைக் காகிதக் கீற்றில் பிடிக்கிறார்கள். நீலம் மாறாவிட்டால் எலி கூண்டுக்குத் திரும்பும். பச்சையாகி, பழுப்பை நோக்கிப் போனால் பதிவேட்டில் ஒரு குறி. பெண் எலிகளில் 30 வாரத்துக்குள் 60 முதல் 80 விழுக்காட்டுக்கு இந்தக் குறி விழுந்துவிடும். ஆண்களில் மிகக் குறைவு.

1990களில் இந்த எலியின் நோய் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டு எண்ணிட்டார்கள். முதலிடம் 17ஆம் குரோமோசோமில், நோயெதிர்ப்புச் செல்கள் தன்னையும் பிறனையும் பிரித்தறிய உதவும் மரபணுக்களில். மூன்றாம் எண் கொண்டது இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தின் மரபணுவிடம் போய் நின்றது. ஐந்தாம் எண்ணில்தான் சிக்கல் தொடங்கியது. ஒன்று என்று நினைத்த இடத்தைச் சிறு துண்டுகளாக்கியபோது அது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களாகப் பிரிந்தது. நோயே வராத வம்சத்திலிருந்து கொண்டுவந்த துண்டுகளில் சில, நோயைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டின. அதாவது ஆரோக்கியமான எலியிடமும் நோய்க்கான பங்கு இருந்தது. அதன் மற்ற மரபணுக்கள் அதை அடக்கி வைத்திருந்தன. தீய மரபணு, நல்ல மரபணு என்ற பங்கீடு அங்கேயே பொருளிழந்துவிடுகிறது.

இதைக் காட்டிலும் என்னை அசைப்பது, நோய் வராமல் போகும் பெண் எலிகள். 60 முதல் 80 விழுக்காட்டுக்கு வருகிறது என்றால், 20 முதல் 40 விழுக்காட்டுக்கு வருவதில்லை. எல்லாம் ஒரே மரபணு. ஒரே தீவனம், ஒரே தண்ணீர், பல நேரம் ஒரே கூண்டு. ஒன்றுக்குப் பதினான்காம் வாரத்தில் கீற்று நிறம் மாறுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் சகோதரிக்குக் கடைசிவரை மாறுவதில்லை. இதற்கு எந்த வரைபடத்திலும் இடமில்லை. கூண்டு அழுக்காக இருந்தால் நோய் குறைகிறது, கிருமிகளை ஒழித்துச் சுத்தமாக வைத்தால் கூடுகிறது என்பதும் பலமுறை காணப்பட்டது. ஆண் எலியின் குடல் நுண்ணுயிர்களை இளம் பெண் எலிக்குக் கொடுத்தால் அதற்கு நோய் குறைகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. பிட்னரின் பால் வேறு வேடத்தில் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

அதே பார் ஹார்பரில் டக்ளஸ் கோல்மனும் சகாக்களும் கண்டது இன்னொன்று. ஒற்றை மரபணுப் பிழையால் அளவுமீறிக் குண்டாகும் எலி ஒன்று உண்டு. பிழை ஒன்றே, அதைக் கறுப்பு எலியின் ஒரு கிளை வம்சத்தில் வைத்தால் கணையம் சீர்குலைந்து கடும் சர்க்கரை நோய் வந்து எலி சாகிறது. சி57 கறுப்பு-6 வம்சத்தில் வைத்தால் குண்டாகிறது, சர்க்கரை ஏறுகிறது, ஆனால் கணையம் பெருத்து இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பெருமளவு சமாளித்துக்கொள்கிறது. முதலாவதாகச் சொன்ன கிளை தூய கறுப்பு வம்சம் அல்ல, எப்போதோ டி.பி.ஏ. என்ற வேறொரு வம்சம் அதில் கணிசமாகக் கலந்துவிட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அளவுகோலாக வைத்திருந்த கறுப்பு-6ம் மாசற்றதல்ல. 2002இல் எலியின் மரபணுத் தொகுதி என்று உலகுக்கு வெளியிடப்பட்டதே அந்த எலியினுடையதுதான். அதன் ஜாக்சன் ஆய்வகக் கிளையில் என்.என்.டி. என்ற மரபணுவின் ஒரு பகுதி அறுந்துபோயிருப்பதும், அதனால் இன்சுலின் சுரப்பு குன்றுவதும் சில ஆண்டுகளிலேயே வெளிவந்தன.

1999இல் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டூடெக் ஆகியோர் செய்த சோதனையை இந்தத் துறையில் எவரும் மறப்பதில்லை. போர்ட்லாந்து, ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் என்று மூன்று ஊர்கள். அதே எலி வம்சங்கள், அதே வயது, அதே கருவிகள், அதே வெளிச்ச நேரம். நடத்தைச் சோதனைகளில் சிலவற்றின் முடிவுகள் ஒத்துப்போயின: எந்த வம்சம் மதுவை விரும்புகிறது என்பதில் பெரிய வேறுபாடில்லை. அச்சத்தை அளக்கும் சோதனையில் ஊருக்கு ஊர் மாறியது. மரபணுவின் விளைவு எந்த ஊரில் அளக்கிறோம் என்பதையும் சார்ந்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் தங்கள் செலவிலேயே நிரூபித்துக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே இந்தத் துறையின்மேல் எனக்கு மதிப்பு.

நேர்மை தவறிய இடமும் ஒன்று உண்டு. அங்கே மீண்டும் லிட்டில் நிற்கிறார். 1953 இறுதியில் எர்ன்ஸ்ட் வைண்டரும் எவர்ட்ஸ் கிரஹாமும் சிகரெட் புகையின் தாரை எலிகளின் முதுகில் தடவிப் புற்றுநோய் உண்டாவதைக் காட்டினார்கள். 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. அதன் தொடக்கமே எலிச் சோதனைகளைப் பற்றித்தான். அவற்றை முடிவானவையாகக் கொள்ள முடியாது என்றது அறிக்கை. பிறகு தங்கள் ஆராய்ச்சிக் குழுவின் அறிவியல் இயக்குநராக அந்த நிறுவனங்கள் அமர்த்தியது எலிகளை வைத்தே வாழ்ந்த மனிதரை. 1929 முதல் 1945வரை புற்றுநோய்த் தடுப்புச் சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் லிட்டில். நுண்துகள்கள் நிறைந்த புகையால் நுரையீரலை மீண்டும் மீண்டும் நிரப்புவது புத்தியல்ல என்று அங்கே இருந்தபோது தானே எழுதியவர். இப்போது அவர் பேசியது வேறு: சிகரெட் காரணம் என்று நிறுவப்படவில்லை, பரம்பரை உடல்வாகை ஆராயவேண்டும்.

பணத்துக்காக மாறினார் என்று எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். மனிதர்களையும் நல்ல வம்சம், கெட்ட வம்சம் என்று பிரிக்கலாம் என்ற நம்பிக்கையில் ஊறியவர். அவர் மாறவே இல்லை என்பதுதான் விபரீதம். புற்றுநோய் வம்சத்தில் வருவது என்று 1909 முதல் நம்பியதையே 1954இலும் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அப்போது ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். இத்தனைக்கும் பிட்னரின் பால் சோதனை நடந்தது அவருடைய கூரையின் கீழேயே. நோய் உடம்போடு பிறந்தது என்றாகிவிட்டால் புகைக்க வைத்தவனுக்குப் பொறுப்பில்லை. ஆலைக் கழிவை ஆற்றில் விட்டவனுக்கும் இல்லை. மரபணுவைத் தேடுவதில் தவறு எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிற குரலைத்தான் சந்தேகிக்கவேண்டும். அந்தக் குரல் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வருவதில்லை.

ஒரேமாதிரி எலிகளை உண்டாக்க ஒரு நூற்றாண்டு பாடுபட்டவர்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை மீண்டும் கலக்கத் தொடங்கினார்கள். கூட்டுக் கலப்பு என்ற அந்தத் திட்டம் 2004இல் அறிவிக்கப்பட்டது. எட்டு வம்சங்கள், அவற்றில் மூன்று, தாய்லாந்திலும் செக் நாட்டிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் பிடிக்கப்பட்ட காட்டு எலிகளின் சந்ததி. எட்டையும் ஒன்றாகக் கலந்து, அதன்பின் ஒவ்வொரு வரிசையையும் பழையபடி அண்ணன் தங்கை முறையில் தூயதாக்குவது நோக்கம். எட்டு வம்சங்களுக்குள் மூன்று எலித் துணையினங்கள் இருந்தன. தெற்காசிய, தென்கிழக்காசிய வீடுகளில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடும் எலியும் அவற்றில் ஒன்று. லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்த மரபணுக்கள் ஓர் உடம்பில் சேர்ந்தபோது ஒத்துப்போகவில்லை. ஏறத்தாழ 95 விழுக்காடு வரிசைகள் வழியிலேயே அழிந்தன. பல வரிசைகளில் ஆண் எலிகள் மலடாயின. தனித்தனியே எந்தக் குறையும் இல்லாத மரபணுக்கள் இவை.

மிஞ்சிய வரிசைகளை ஒன்றோடொன்று கலந்து பெற்ற எலிகளுக்கு, 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஓர் ஆய்வகத்தில், எலிக்கு ஏற்றபடி பழக்கப்படுத்திய எபோலா வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. சில வரிசைகள் எடை கொஞ்சம் குறைந்து தேறிவிட்டன. சில இரத்தப்போக்கு இல்லாமலே செத்தன. சிலவற்றுக்கு மனிதர்களுக்கு வருவதுபோலவே இரத்தம் உறையாமல், உள்ளே கசிந்து, ஈரல் நிறம் மாறியது. வைரஸ் ஒன்றே. இரத்தக் குழாய்ச் சுவரின் உறுதியோடு தொடர்புள்ள டெக் என்ற மரபணு இந்த வேறுபாட்டில் பங்கு வகிக்கலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டினார்கள். அதற்குமுன் வழக்கமான சோதனைச்சாலை எலிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எலியில் எபோலா அந்த இரத்தப்போக்கை உண்டாக்குவதில்லை, எலி இந்த நோய்க்கு உதவாத மாதிரி என்று சொல்லிவந்தார்கள். சில வம்சங்களின் குணத்தை எலியின் குணம் என்று எண்ணிக்கொண்டதால் வந்த முடிவு அது.